பதினேழாம் எண் கிணறு

நாடாவின் நுனி நீரைத் தொட்டால்
கையில் உள்ள பெட்டி கீச்சிடும்.
நாலு மீட்டர் பன்னிரண்டு.
பென்சிலால்தான் எழுதுகிறேன்.
ஜனவரியில், தூல் ஆற்றங்கரையில்,
பேனாவுக்குள் மை கல்லாகிவிடும்.

கிணறு என்றதும் கயிறும் வாளியும் தேடாதீர்கள்.
உள்ளங்கை அகல இரும்புக் குழாய், பூட்டுப் போட்ட மூடி.
இதிலிருந்து ஒரு வாய் நீர் குடித்தவர் இல்லை.
பார்ப்பதற்கென்றே தோண்டியது.
என்னையும் அதற்கென்றே வைத்திருக்கிறார்கள்,
பதினோரு வருடமாக, வியாழன்தோறும்.

ஆற்றின் மட்டம் ஓர் எண்,
கிணற்றின் மட்டம் ஓர் எண்.
கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்
யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று.
நடுவே இருப்பது கூழாங்கல்லும் மணலும்.
அவை எந்தப் பக்கமும் பேசுவதில்லை.

உறைந்த ஆற்றில் ஓரிடம் மட்டும்
ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.
கோம்போசுரெனின் குதிரைகள் நேராக அங்கே போய்
தலை குனியும்.
நிலம் கொடுக்கும் இடம் அது.
அதைக் கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்துக்கு
மூன்று வெப்பமானியும் ஒரு கோடையும் தேவைப்பட்டன.

வாங்க ஆளில்லாவிட்டாலும் நிலம் கொடுக்கும்.
பனியைப் பிளந்து மேலே வரும்,
வந்த இடத்திலேயே உறையும்,
அதன்மேல் மறுநாளைக்கு இன்னொன்று.
மார்ச் முடிவதற்குள்
பாலத்தின் தூண்கள் முழங்கால்வரை மூழ்கியிருக்கும்
யாரும் எடுத்துக்கொள்ளாத நீரில்.

பிறகு ஏப்ரல்.
பனி போய்விட்டது, மழை வரவில்லை.
எதிர்த்திட்டில் நகரத்தின் பம்புகள்
இரவும் பகலும் உறுமுகின்றன.
ஐந்து மீட்டர் எண்பது. ஆறு நாற்பது.
கழித்தேன். விடைக்கு முன்னால்
ஒரு சிறு கோடு விழுந்தது.
அந்தக் கோடு அவ்வளவு சிறியது,
ஆறு முழுவதும் அதன் வழியே இறங்கியது.

"கருவியைச் சோதித்துப் பார்" என்றார் பொறியாளர் ஜுந்துய்.
வாளி நீரில் விட்டேன், கீச்சிட்டது.
என் தேநீரில் விட்டேன், கீச்சிட்டது.
ஆற்றில் விடலாம் என்று போனால்
கற்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன.
ஒரு குட்டையில் விரல்நீள மீன்கள் நாற்பதோ ஐம்பதோ.
அவற்றை எண்ணுவது என் வேலை இல்லை.
எண்ணினேன்.

ஜூலை வெள்ளம் ஒரே நாளில் எல்லாம் கொடுத்தது,
கேட்காதவர்க்கும் கொடுத்தது,
கோம்போசுரெனின் வேலியைச் சுமந்துகொண்டு போனது.
ஒன்றரை நாள் கழித்துத்தான் கிணறு விழித்தது.
கரை அன்று குடித்ததை
செப்டம்பர்வரை சில்லறையாகத் திருப்பித் தந்தது.
டார்கானில் இருக்கும் என் தங்கையும் இப்படித்தான்,
ஆனால் தந்துவிடுவாள்.

வில்லோ மரங்களின் கணக்கு வேறு.
நடுப்பகலில் இரண்டு சென்டிமீட்டர் இறக்கி
விடிவதற்குள் விட்டுவிடும்.
அதைப் பார்க்க ஓர் இரவு முழுதும் விழித்திருந்தேன்.
ஓட்டுநர் தாஷ்ன்யாம் வண்டிக்குள் குறட்டை விட்டார்.
மணிக்கு ஒரு முறை நாடா இறங்கியது.
மூன்று மணிக்கு நீர்
எனக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்தேன்.
சொல்ல யாருமில்லை.
தாஷ்ன்யாமை எழுப்பிச் சொன்னேன்.
"சரி" என்றார்.

ஆண்டிறுதிப் படிவத்தில் ஒரு கேள்வி:
இவ்விடத்தில் ஆறு நிலத்துக்குக் கொடுக்கிறதா, வாங்குகிறதா?
இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் செய்யவும்.
எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று
ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது. ஓரத்தில் எழுதக் கூடாதாம்.

இன்று வியாழன்.
இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தன.
கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை,
கூழாங்கற்களுக்கிடையே நீர் சும்மா நின்றது.
இப்படி ஒரு நாளை இதுவரை எழுதியதில்லை.
பூட்டைப் போடும்போது லாரி ஒன்று பாலத்தைக் கடந்தது.
மனம் கேட்காமல் மறுபடி நாடாவை இறக்கினேன்.
ஒரு சென்டிமீட்டர் மாறியிருந்தது.
எந்தப் பக்கம் என்று
வண்டிக்குள் போய், விரல் சூடேறியபின்
கழித்துப் பார்க்க வேண்டும்.